சிற்றிதழுக்கு எத்தனை பொத்தான்?

கொல்கத்தாவின் டேமர் லேனில், 1978இல், சந்தீப் தத்தா தம் வீட்டிலேயே சிற்றிதழ் நூலகம் ஒன்றைத் தொடங்கினார். அந்த நூலகம் காட்டும் உண்மை ஒன்று உண்டு: இதழ் நின்றுபோகும், ஆசிரியர் மறைவார், அச்சகம் மூடப்படும், யாராவது எடுத்து அடுக்கிவைத்தால் பிரதி மட்டும் பிழைத்துக்கிடக்கும். (கரையான் பாடு தனி.) இணையத்துக்கு வரும் சிற்றிதழுக்கென்று உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் எழுதுகிறவர், இதழ் நின்ற மறுவருடம் அதன் பக்கங்கள் திறக்குமா என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். 2003இல் வந்த வேர்ட்பிரஸ், வாசகர் கேட்கும்போது தரவுத்தளத்திலிருந்து கட்டுரையை எடுத்துக் கோத்துத் தருகிறது. நாளிதழுக்கு அது பொருந்தும். காலாண்டிதழ் ஒன்று இதழுக்குப் பதினைந்து கட்டுரை வெளியிட்டாலும் பத்தாண்டில் அறுநூறுதான் சேரும். அதற்காக ஒரு தரவுத்தளத்தையும் இருபது செருகுநிரல்களையும் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும். விட்டால் ஊடுருவிகள் புகுந்துவிடுவார்கள். இன்னொன்றும் உண்டு. வங்க எழுத்தோ தமிழ் எழுத்தோ, ஒவ்வொரு குறியும் பக்க முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும். வேர்ட்பிரஸ் முகவரித் துண்டுக்குத் தரும் இடம் இருநூறு. உயிர்க்குறியையும் சேர்த்து எண்ணினால், இருபத்திரண்டிலேயே தலைப்பு அறுந்துவிடும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் போட்ட அளவு.

ஆகவே கட்டுரை ஒவ்வொன்றும் ஓர் எளிய உரைக்கோப்பாக இருக்கட்டும். சேமித்தவுடன் மென்பொருள் தளம் முழுவதையும் எச்டிஎம்எல் பக்கங்களாக எழுதிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளட்டும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், எழுத்துக் குறியீடு திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறியபோதும் தப்பியதற்கு, அவை வெறும் கோப்புகளாக இருந்ததும் ஒரு காரணம். எழுபது வயது ஆசிரியர் கட்டளை வரியில் உட்கார்ந்து தட்டுவாரா என்று கேட்கலாம். மாட்டார், உரைக்கோப்புகளை இப்படிப் பக்கங்களாக்கித் தரும், 2008இல் வந்த ஜெக்கில் போன்றவை நிரலாளர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டவை. அவருக்குத் தலைப்பு, எழுதியவர், இதழ் எண், கட்டுரை என நான்கு கட்டங்களும் ஒரு சேமிப்புப் பொத்தானும் உள்ள திரை வேண்டும். அந்தத் திரை பழுதானாலும் வெளியான பக்கங்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் வேர்ட்பிரஸுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு.

தேடுவசதி கேட்பார்கள். அறுநூறு கட்டுரைக்கு ஆசிரியர் அகரவரிசையும் இதழ்வாரிப் பொருளடக்கமும் போதும். அவற்றை மென்பொருளே கட்டித் தரும். ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 2013இல் வெளியிட்ட தாகூர் தொகுப்பான ‘பிசித்ரா’வின் கதை வேறு: கையெழுத்துப் படிகளின் பாடபேதங்களை ஒப்பிட்டுக் காட்டுவதே அதன் வேலை, அதற்குக் கனமான ஏற்பாடு நியாயமே. ஃபேஸ்புக் இலவசமாயிற்றே என்பதுதான் வலுவான மறுப்பு. வாசகர் அங்கேதான் இருக்கிறார். புது இதழ் வந்த செய்தியை அங்கே சொல்லத்தான் வேண்டும். ஆனால் மூன்றாவது இதழின் கவிதைகளை அங்கே தேடிப் பாருங்கள்! இலவச இடம் எந்நாளும் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. இலவசமாகத் தளம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009இல் மூடியபோது எத்தனையோ தளங்கள் போயின. இன்னொரு பொத்தானுக்கு மட்டும் இடம் தரலாம்: தளம் முழுவதையும் அப்படியே பென்டிரைவில் இறக்குவது. புத்தகக் கண்காட்சியின் சிற்றிதழ் அரங்கில் பழைய இதழ் கேட்டு வருபவருக்கு அதையே விற்கவும் செய்யலாம்.