கையை எடுத்தால் அணையும் சுடர்

இங்கிலாந்தின் கால்வாய்களில் மிதக்கும் ‘நாரோபோட்’ என்னும் ஒடுங்கிய படகுகளில் எரிவாயுச் சாதனங்களைப் பழுது பார்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவனிடம், இலையுதிர்காலம் கழிந்து குளிர் தலைகாட்டும் நாட்களில் வந்து சேரும் முறையீடுகளில் பெரும்பாலானவை ஒரே வாசகமாகத்தான் இருக்கும்: “ஓவன் பற்றிக்கொள்கிறது, குமிழிலிருந்து கையை எடுத்தால் அணைந்துபோகிறது.” சொல்பவருக்கு அது ஓவனின் குற்றம், அதை அணையாமல் எரியச் செய்துவிட்டால் என் வேலை முடிந்தது என்பது அவருடைய எதிர்பார்ப்பு. எனக்கோ, அந்தப் பழைய ஓவன் அணைந்துபோவதன் மூலம் ஏதோ ஒன்றைத் தெரிவிக்கிறது என்றும், அது இன்னதென்று தெரிந்துகொள்ளுமுன் அதன் வாயை அடைத்துவிடக் கூடாதென்றும்தான், இத்தொழிலில் நாள் செல்லச் செல்ல, அபிப்பிராயம் உறுதிப்பட்டிருக்கிறது.

இந்தப் படகுகளின் அகலம் ஏழடிக்கும் சற்றுக் குறைவு. நீளம் எழுபது அடி வரை போகும். அந்த ஒடுங்கிய இரும்புக் கூட்டுக்குள் படுக்கை, சமையல், குளியல், இயந்திரம் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருப்பதால், வீட்டில் அற்பமாகத் தோன்றும் பிழைகூட இங்கே விபரீதமாக முடியும். புரோப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் இரண்டு மடங்கு. வீட்டுச் சமையலறையில் கசிந்த வாயு கதவிடுக்கு வழியாகவாவது வெளியேற வாய்ப்புண்டு. படகிலோ அது தரைப்பலகைகளுக்குக் கீழே இறங்கி, தண்ணீர் புகாதபடி கட்டப்பட்டதனாலேயே வாயுவும் வெளியேற முடியாத அடித்தளத்தில், நீர் இறைக்கும் மின்பம்புக்கும் பாட்டரிகளுக்கும் அருகிலேயே தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்திருந்தாலே ஒரு பொறி போதும். ஆதலால் ஓவனைப் பற்றிப் புகார் வந்தாலும், நான் ஓவனின் அருகே முதலில் போவதில்லை. படகின் முகப்பில் சிலிண்டர்களை வைத்திருக்கும் தனிப்பெட்டியின் மூடியைத்தான் முதலில் திறக்கிறேன்.

அந்தப் பெட்டியின் அடியில், கசிந்த வாயு வெளியே ஒழுகிப் போவதற்கென்று ஒரு துவாரம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும்; இலைச்சருகும் பழங்கயிறும் அதை அடைத்துக் கிடப்பதைக் காணாத வாரம் அபூர்வம். ரெகுலேட்டரை அடுத்து, பல படகுகளில், ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணம் பொருத்தியிருப்பார்கள். கிண்ணத்தில் கொஞ்சம் திரவம். தலையில் ஒரு பொத்தான். உள்ளே அடுப்புகள் அனைத்தையும் மூடிவிட்டு, சிலிண்டரை மட்டும் திறந்து வைத்துப் பொத்தானை அழுத்தினால், செல்ல வேண்டிய வாயுவெல்லாம் அத்திரவத்தின் வழியாகவே சென்றாக வேண்டும். திரவம் அசையாமல் இருந்தால் நிம்மதி. ஒரு குமிழி அடியிலிருந்து பிரிந்து, தயங்கி, மேலே வந்து உடைந்து, சற்றுப் பொறுத்து இன்னொன்று அதைத் தொடர்ந்து வருமாயின், அப்புறம் ஓவன் அணைவதைப் பற்றிய பேச்சுக்கே அன்று இடமில்லை. கசிவை நிவர்த்தி செய்யாமல் சுடரைச் சீர்திருத்த முற்படுபவனுக்கு இத்தொழில் ஏற்றதன்று.

கசிவில்லை என்று தெரிந்தபின் அழுத்தம். இதற்கு நவீன மின்னணுக் கருவிகள் உண்டென்றாலும், பாதி தண்ணீர் ஊற்றிய ‘யூ’ வடிவக் குழாயிடம் எனக்குள்ள பற்று குறையவில்லை. பாட்டரி தீர்ந்துபோய்ப் பொய் சொல்லும் சுபாவம் அதற்குக் கிடையாது. இங்கே சாதாரணமாகப் புரோப்பேனுக்கு 37 மில்லிபாரும் பியூட்டேனுக்கு 28 மில்லிபாரும் வேண்டும். அதாவது குழாயின் இரு கைகளிலும் உள்ள தண்ணீருக்கிடையே முன்னதற்குச் சுமார் 15 அங்குலமும் பின்னதற்கு 11 அங்குலமும் வித்தியாசம் தெரிய வேண்டும். எல்லாம் மூடியிருக்கும்போது அளந்து திருப்தியடைந்துவிடுவது அனுபவமில்லாதவர் செயல். ஓவனையும் மேலேயுள்ள பர்னர்களையும் ஒருசேர எரியவிட்டு, அப்போது தண்ணீர் எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. மிகவும் சரிந்தால், ரெகுலேட்டரின் உள்ளேயிருக்கும் ரப்பர்த் தகடு விறைத்துப் போயிருக்கலாம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை ரெகுலேட்டரை மாற்றிவிடும்படி தயாரிப்பாளர்கள் கூறுவது வியாபார தந்திரம் மட்டுமன்று. அல்லது சிலிண்டரே காரணமாயிருக்கலாம். பியூட்டேன் கொதிப்பது பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழே; அதைவிடக் குளிர்ந்தால் அது வாயுவாக எழாது. புரோப்பேனோ பூஜ்யத்துக்குக் கீழே 42 டிகிரியிலும் கொதிக்கும். கால்வாயின் மேல் பனி படிந்த காலையில் பியூட்டேன் அடங்கிய நீலச் சிலிண்டரை வைத்துக்கொண்டு ஓவனை நொந்துகொள்பவரிடம், புரோப்பேன் அடங்கிய சிவப்புச் சிலிண்டரும் அதற்குரிய ரெகுலேட்டரும் வாங்கும்படி சொல்லிவிட்டு, நடைக்கூலி மட்டும் பெற்றுக்கொண்டு திரும்பியதுண்டு.

இவ்வளவும் ஒழுங்காயிருந்தால்தான் ஓவனுக்கு முன்னால் மண்டியிடுகிறேன். என்னுடன் வேலை பழக வரும் யாழ்ப்பாணத்து இளைஞருக்கு இந்தத் தாமதம் பொறுக்காது. “அண்ணை, தெர்மோகப்பிளை மாத்திப்போட்டு வெளிக்கிடுவமே?” என்பார். “அவசரப்படாதே தம்பி, முதலில் சுடரைப் பார்” என்பதுதான் எப்போதும் என் பதில்.

தெர்மோகப்பிள் என்பது இருவேறு உலோகங்கள் முனையில் ஒட்டவைக்கப்பட்ட ஒரு மெல்லிய தண்டு. அந்த முனை சூடேறினால் சிறிதளவு மின்சாரம் பிறக்கும் என்ற உண்மை, 1821-இல் ஜெர்மானிய விஞ்ஞானி சீபெக் கண்டறிந்த விஷயத்தை ஒட்டியது. பிறப்பது இருபது முப்பது மில்லிவோல்ட்டுத்தான். டார்ச் விளக்கின் பாட்டரிக் கட்டை ஒன்று தருவதில் ஐம்பதில் ஒரு பங்கு. இவ்வளவு சொற்பமான சக்தியால் வாயுவை விடும் வால்வைத் திறக்க முடியாது. கையால் குமிழை அழுத்தித் திறந்து கொடுத்தால், திறந்தது மூடிக்கொள்ளாதபடி பிடித்து வைத்துக்கொள்ள மட்டும் முடியும். அதனால்தான் பத்துப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் சுடர் அணைந்து முனை குளிர்ந்ததும் வாயு தானே நின்றுவிடுகிறது. இவ்வேற்பாட்டில் நம் கைக்கும் நெருப்புக்கும் தனித்தனியே பாத்திரம் வகுத்த மனிதனின் புத்தியை நான் இன்றும் வியக்கிறேன்.

ஆகவே பிடி விட்டுப்போனால், தண்டு செத்துவிட்டது என்று தீர்மானிப்பதற்கு முன், அதன் முனையைச் சுடர் தழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். இரும்புப் படகில் குளிர்காலம் முழுவதும் சுவரெல்லாம் வியர்த்துக்கொண்டிருக்கும். அந்த ஈரத்தால் பர்னர் துருப்பிடித்து, துருச்செதிள்கள் துவாரங்களை அடைத்து, முனைக்கு நேரே இருக்கும் சுடர் மட்டும் குன்றிப் போவது வழக்கம். காற்று நுழையும் குழாயில் சிலந்தி கூடு கட்டுவதும் உண்டு. சுடர் நீலமாக நின்று முனையைச் சூழ்ந்தும் பிடி நிற்கவில்லையென்றால், தண்டின் மறுகோடி வால்வோடு சேரும் இடத்தைக் கழற்றிப் பார்ப்பேன். இயந்திரத்தின் அதிர்ச்சியால் திருகு தளர்ந்து, பித்தளையில் களிம்பு ஏறியிருக்கும். மெல்லிய தாளால் துடைத்து, விரலால் முறுக்கி, அதன்மேல் கால் சுற்றுக்கு மிகாமல் இறுக்கினால் பல வேளைகளில் புதுத்தண்டு வாங்கும் செலவு மிஞ்சும். பலங்கொண்ட மட்டும் முறுக்குபவர்கள் முனையிலுள்ள காப்பு வளையத்தை நசுக்கிவிடுவார்கள்.

இதைவிட நுட்பமான வியாதி, நன்றாகப் பற்றிக் கால்மணி அரைமணி நேரம் சொக்கத்தங்கமாக எரிந்த பிறகு, உள்ளே வைத்த கேக் உப்பி எழும் தறுவாயில் ஓவன் அணைந்துபோவது. தெர்மோகப்பிளைக் குறை சொல்லி, அடுத்தடுத்து மாற்றிப் பணத்தை விரயம் செய்தவர்களின் படகுகளுக்கு நான் போயிருக்கிறேன். ஓவன் குறிப்பிட்ட உஷ்ணத்தை அடைந்ததும், உட்புறத்தில் கவ்வியிலே மாட்டியிருக்கும் தெர்மாஸ்டாட்டின் உணர்குப்பிக்குள் உள்ள திரவம் விரிந்து வாயுவின் பிரதான வழியை மூடும். அப்போது ஓவன் அடியோடு அணைந்துவிடாதபடி, ஒரு பக்கவழி சிறிதளவு வாயுவைத் தொடர்ந்து விட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பக்கவழியைக் காப்பது ஒரு நெல்மணி நீளமே உள்ள திருகு. பழைய மசகும் பித்தளைத் துகளும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், உஷ்ணம் ஏறும் வரை எல்லாம் சரியாயிருக்கும். ஏறியதும் சுடர் சுருங்கி, சுருங்கியபடியே மறைந்து, தெர்மோகப்பிள் குளிர்ந்து, வால்வும் மூடிக்கொள்ளும். தெர்மோகப்பிள் தன் கடமையைச் செய்ததல்லாமல் வேறு பிழை ஒன்றும் செய்யவில்லை. திருகைக் கழற்றிக் கரைப்பானில் ஊறவைத்து ஊதினால் போதும். ஊசியையோ கம்பியையோ விட்டுக் குடைவது மகாபாதகம். பித்தளை மெல்லியது, துவாரம் ஒரு மயிரிழை பெருத்தாலும் அதன் கணக்கு தவறிப்போகும்.

துவாரத்தின் கணக்கு என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. கரையில் யாரோ கழித்துப்போட்ட வீட்டு ஓவனை மலிவாக வாங்கிப் படகில் மாட்டிவிடுபவர்கள் உண்டு. வீடுகளுக்குக் குழாயில் வரும் இயற்கை வாயு ஏறக்குறைய 20 மில்லிபார் அழுத்தத்தில் வருவது. அதற்காக, வாயுவைப் பர்னருக்குள் பீய்ச்சும் ஜெட்டின் துவாரமும் பெரியது. அதன் வழியே புரோப்பேனை விட்டால், தன் பருமனைப்போல் இருபத்துநாலு மடங்கு காற்று வேண்டும் அந்த வாயுவுக்குக் காற்றுப் போதாமல், சுடர் மஞ்சள் நாக்குகளை நீட்டிக் கரி கக்கும்.

சில ஓவன்களில் கதவு திறந்திருக்கும்வரை சுடர் நேராக நின்று, மூடிய சற்று நேரத்துக்கெல்லாம் அணையும். அப்போது கதவின் கண்ணாடி வழியே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீலக் கூம்புகள் முதலில் நீளும், நுனி மங்கும், பிறகு பர்னரை விட்டு எழும்பி, காற்று எந்தப் பக்கம் இருக்கிறதென்று தேடுவதைப்போல் அலைந்து அணையும். ஓவனின் தரையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் நல்லெண்ணத்தோடு யாரோ விரித்த அலுமினியத் தாள் அடித்துவாரங்களை மூடியிருக்கும். அல்லது பெரிய தட்டு ஒன்று பின்சுவரில் முட்டி, புகை போகும் வழியை அடைத்திருக்கும். தாளை உருவி எடுத்துவிட்டுக் கூலி கேட்பதற்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன்.

குமிழை அழுத்திய நிலையில் கயிற்றால் கட்டி வைத்தவர்களையும், மரத்துண்டு செருகி வைத்தவர்களையும் பற்றி எனக்கு நிதானமாகப் பேச வருவதில்லை. அடைபட்ட புகைவழியைக் கண்டு பலமுறை அணைந்து அறிவித்த ஓவனை, அறிவிக்க முடியாதபடி செய்துவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்துறங்குகிறார்கள். காற்றுப் போதாமல் எரியும் சுடர் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். அத்தகைய படகுகளில் நான் வாயுவை மூடி, ஓவனை இணைப்பிலிருந்து கழற்றி, அபாயச் சீட்டு ஒட்டிவிட்டுத்தான் இறங்குவேன். படகுக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

2014 ஜனவரியில், வடகிழக்கு இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் கட்டியிருந்த ‘எஷ்கால்’ என்ற மீன்பிடிப் படகில், குளிருக்காகப் பியூட்டேன் அடுப்பின் கிரில்லைப் பற்றவைத்துவிட்டு உறங்கிய இருவர் இந்த விஷவாயுவால் இறந்தார்கள். உள்நாட்டு நீர்வழிகளில் தங்குமிடமுள்ள படகுகளில் இதற்கான எச்சரிக்கை மணி இருந்தே தீரவேண்டுமென்ற விதி 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் படகுப் பரிசோதனையில் அதையும் பார்க்கிறார்கள். ஆனால் பரிசோதனைக்கும் பரிசோதனைக்கும் இடையில் குளிர் தாங்காமல் காற்றுத் துவாரங்களில் துணியை அடைப்பதைப் பார்க்க அவர்கள் வருவதில்லை.

விடுமுறைக்கு இப்படகுகளை வாடகைக்கு எடுக்கும் நம்மவர் குடும்பங்கள் இப்போது பெருகிவருவதால் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஓவன் அணைந்தால் மீண்டும் மீண்டும் பற்றவைக்க முயலாமல் சிலிண்டரை மூடிவிட்டுப் படகுக்காரருக்குச் சொல்லி அனுப்புங்கள்; எவ்வளவு குளிராயிருந்தாலும் அதன் கதவைத் திறந்து வைத்து அறையைச் சூடேற்றாதீர்கள்; படுக்கும் இடத்துக்கருகே எச்சரிக்கை மணி இருக்கிறதா என்று ஏறியவுடன் பார்த்து, அதன் பொத்தானை ஒருமுறை அழுத்திக் கேளுங்கள். இல்லையென்றால் கடையில் வாங்கிக்கொண்டே புறப்படலாம். அதன் விலை ஒரு தெர்மோகப்பிளின் விலையைவிடப் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது.