நரம்பு என்றொரு சொல்

‘நரம்பு’ என்ற சொல்லை வகுப்பில் விளக்க நமக்கு நெடுங்காலமாக ஒரே முறைதான். பேரியாழுக்கு நரம்பு 21, செங்கோட்டியாழுக்கு 7 என்று தொடங்குவோம். இலை நரம்புக்கு வருவோம். உடம்பின் நரம்பில் முடிப்போம். ஒரு சொல் எத்தனை பொருளைச் சுமக்கிறது பாருங்கள் என்று பெருமிதமும் கொள்வோம். அந்தப் பெருமிதம் 2023-ஆம் ஆண்டில் ஒரு மாணவியின் காலில் இடறி விழுந்தது.

வெண்ணந்தூர்ப் பெண் அவள். தாயார் விசைத்தறியில் நிற்பவர். கல்லூரிக் கபடி அணியில் பாடிச் செல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஓர் ஆட்டத்தில் எதிரணியினர் அவள் கணுக்காலைப் பற்றி இழுக்க, பாதம் திருகிக்கொண்டது. வீக்கம் இரு வாரத்தில் வடிந்தது, வேதனை வடியவில்லை. அப்போது விளையாட்டுக் குழுவின் பொறுப்பு நம்மிடம் இருந்தது. (தமிழாசிரியரிடம் அது எப்படி வந்து சேர்ந்தது என்பது தனிக்கதை.)

“நரம்பு பிசகிக்கிச்சுங்கய்யா” என்றார் தாயார். நாமும் தலையசைத்தோம். நம் பக்கத்துப் பேச்சில் புறங்கையில் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயும் நரம்பு. குதிகாலுக்கு மேல் விறைத்து நிற்கும் தசைநாணும் நரம்பு. சுளுக்கும் நரம்புப் பிசகல். ஆகவே எண்ணெய் விட்டு உருவினார்கள். உருவ உருவ வேதனை கூடியது. எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முறிவு இல்லை. அத்துடன் எல்லோரும் நிம்மதியடைந்தோம், அவளைத் தவிர.

நாம் செய்த பெரிய பிழை இனிமேல்தான். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்காட்டினோம். ஐந்து வயதில் பேருந்து ஏறிச் சிதைந்த காலோடு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றவர். “அவர் தாங்கவில்லையா, நீ இதைத் தாங்கமாட்டாயா?” என்று கேட்டோம். ஒருவருடைய வெற்றியை இன்னொருவரை அடிக்கும் கோலாக்குவது ஆசிரியர்களுக்குக் கைவந்த கலை. அவள் மறுபடியும் களத்தில் இறங்கினாள்.

இத்தனைக்கும் அவள் தெளிவாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். “வலின்னு சொல்ல முடியலைங்கய்யா. எரியுது. உள்ளங்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குது. ராத்திரி போர்வை பட்டாலே தாங்கலைங்க.” மெய்ப்பாட்டியல் நடத்தும் நாம் இதை மிகைப்படுத்தல் என்று எடுத்துக்கொண்டோம்.

கடைசியில் சேலத்தில் ஓர் இயன்முறை மருத்துவர் அவளிடம் விந்தையான ஒரு கட்டளை இட்டார்: “வலி என்ற சொல்லை விட்டுவிட்டுச் சொல்லம்மா.” கேட்டபின், கணுக்காலின் உட்பக்க எலும்புக்குப் பின்புறம் விரலால் மெல்லத் தட்டினார். பெருவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் அவள் துள்ளினாள். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களைப் பரிசோதித்து 1915-இல் இந்தச் சோதனையை எழுதிய பிரெஞ்சு மருத்துவர் டினெலின் பெயரே அதற்கு வழங்குகிறது.

அந்த எலும்புக்குப் பின்னால் ஒரு குறுகலான வழி உண்டு. மேலே வார்போல ஒரு பட்டை மூடியிருக்கும். மூன்று தசைநாண்களும் இரத்தக் குழாய்களும் உள்ளங்காலுக்கு உணர்ச்சி தரும் நரம்பும் அந்த ஒரே வழியில்தான் இறங்க வேண்டும். சுளுக்கின் வீக்கமோ தழும்போ அதை இறுக்கினால் நரம்பு நசுங்கும். தட்டைப் பாதமாயின் ஒவ்வோர் அடியிலும் இழுபடும். 1962-இல் கெக், லாம் என்னும் இருவர் தனித்தனியே விவரித்த ‘டார்சல் டன்னல் சிண்ட்ரோம்’ இதுதான். கேட்டுக்கொண்டிருந்த தாயார், “அச்சுப் பல்லுல நூலு நெருங்கிக்கிட்ட மாதிரிங்களா?” என்றார். நம்மைவிட விரைவாக விளங்கிக்கொண்டவர் அவர்தான்.

எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது. நரம்பின் வேகத்தை அளக்கும் மின்சோதனைகூடச் சில வேளை இந்நோயைத் தவறவிடும். ஆகவே நோயாளியின் சொல்லே பெரிய சான்று. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் குதிகால் குத்தி, சற்று நடந்ததும் தணிந்தால் அது பெரும்பாலும் பாதத்தின் அடித்தசைப் பட்டையின் கோளாறு. நிற்க, ஓடக் கூடி, இரவில் எரிந்தால் நரம்பை நினைக்க வேண்டும். காலணிக்குள் கூழாங்கல் கிடப்பதுபோல் மூன்றாம், நான்காம் விரல்களுக்கிடையே உறுத்தினால் அது வேறொரு நரம்பு. மார்ட்டன் 1876-இல் எழுதியது. முன்பாதம் குறுகிய காலணி அதை மோசமாக்கும். (இரு பாதங்களிலும் ஆறாறு விரல்கள் கொண்ட ஸ்வப்னா பர்மன், 2018 ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் தங்கத்தை வென்றது தமக்குப் பொருந்தாத காலணிகளோடுதான்.) முதுகெலும்பின் வட்டு பிதுங்கினாலும், சர்க்கரை நோய் இருந்தாலும் பாதம் இதே மொழியைப் பேசக்கூடும். பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினால் காத்திருக்கவே கூடாது.

அவளுக்கு உருவுவது நின்றது, ஆட்டமும் நின்றது. உள்வளைவைத் தாங்கும் காலணித் தகடு, கெண்டைக்காலுக்கும் பாதத்துக்கும் பயிற்சி என்று ஏழு மாதம் போயின. அறுவை தேவைப்படவில்லை. அவளுடைய கடைசி ஆண்டுப் பல்கலைக்கழகப் போட்டிகள் அந்த ஏழு மாதத்துக்குள்தான் வந்து போயின. அதற்கு நம்மிடம் பதில் இல்லை, அவளும் கேட்கவில்லை.

படிப்பு முடியும் தறுவாயில் ஊர்த் திருவிழாவில் ஓர் ஆட்டம் ஆடினாள். இடைவேளையில் எல்லைக்கோட்டருகே வந்து அமர்ந்தவளிடம், எப்படி இருக்கிறது என்று கேட்டோம்.

“எரியலைங்கய்யா. விரல் நுனியில மட்டும் லேசா மதமதங்குது.”

மாற்று ஆட்டக்காரியின் பெயரைத் தாளில் எழுதி நடுவரிடம் கொடுத்தோம்.