எட்டடித் தூரமும் பத்தடிச் சுவரும்

கமராவுக்கு வில்லை தெரிவது பணத்தையும் விருப்பத்தையும் பொறுத்த காரியம் என்றே பலரும் கருதுவர். கலைப்பீட மாணவன் ஒருவனுக்கோ அது தையற்காரரின் அளவுநாடாவில் வந்து முடிந்தது.

அவனிடம் இருந்தது, பிறர் பாவித்து விற்ற சிறியதொரு கமரா. உள்ளே ஆடி இல்லாத வகை. 2008 இல் ஒலிம்பஸ், பனசொனிக் ஆகிய இரு நிறுவனங்களும் கூட்டாக அறிவித்த அமைப்பைச் சேர்ந்தது. ஒளியை மேலே திருப்பும் ஆடி நீக்கப்பட்டமையால் வில்லை உணரிக்கு மிக அருகே அமர்கிறது. கமராவும் வில்லையும் சிறுத்துவிடுகின்றன. அதனோடு கிடைத்த சூம் வில்லை இருட்டறைக்கு உதவாதது. குவியத்தூரம் மாறாத அகல்கோண வில்லை ஒன்றை வாங்கவே அவனிடம் காசு இருந்தது. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபின்னர் இரண்டாவதொன்றை நினைப்பதற்கே இடமில்லை.

எடுக்கவேண்டிய படமும் ஒன்றுதான். வலிகாமத்தில் அப்பாச்சியின் பழைய குசினியை வைகாசியில் இடிப்பதெனக் கடல்கடந்து வாழும் சித்தப்பா முடிவு செய்திருந்தார். 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரே இடம்பெயர்ந்தபோது விட்டுச்சென்ற அல்பம், திரும்பி வந்து பார்க்கையில் இல்லை. அப்பப்பாவின் முகம் அடையாள அட்டையில் மட்டுமே எஞ்சியது. அவர் அமர்ந்து உண்ணும் குந்து குசினியின் ஒரு மூலையில். அடுப்பு மறு மூலையில். வெறுமையான அந்தக் குந்தும் அடுப்படியில் அப்பாச்சியும் ஒரே படத்தில் அடங்கவேண்டும். அதற்கு மேல் அவன் எதையும் வேண்டினானில்லை.

கணக்கு எளிது. உணரியின் அகலம் 17.3 மில்லிமீற்றர். அதனைக் குவியத்தூரத்தால் வகுத்து, நிற்கும் தூரத்தால் பெருக்கினால் படத்தில் அடங்கும் அகலம் கிடைக்கும். ஒரு சுவரில் முதுகை ஒட்டி நின்றால் கமராவிலிருந்து எதிர்ச்சுவர் எட்டடி. அச்சுவரின் நீளமோ பத்தடி. 17 மில்லிமீற்றர் வில்லை எட்டடியைச் சற்றே கடக்கும். 14 ஏறத்தாழப் பத்தடியை எட்டும். 12 பதினொன்றரை அடியை அள்ளிக்கொள்ளும்.

ஆனால் குசினிக்கு ஒளி தருவது கூரையிலுள்ள ஒற்றைக் கண்ணாடி ஓடு. 17 இன் துவாரம் எஃப் 1.8, 14 இன் துவாரம் எஃப் 2.5. முன்னையது ஏறக்குறைய இருமடங்கு ஒளியை உள்ளே விடும். விடுதி நண்பர்கள் அதனையே வாங்கு என்றனர். எஃப் 2 துவாரமுள்ள 12, அகலத்தையும் ஒளியையும் ஒருங்கே தரும், விலைதான் எட்டாதது. அன்றியும் அகல்வில்லை முகத்தைக் கெடுக்கும் என்றொரு பழி உண்டு. பெரும்பாலும் முகத்தைக் கெடுப்பது வில்லையன்று, மிக நெருங்கி நிற்பவனின் கால்களே. ஆயினும் படத்தின் ஓரங்களில் உருவங்கள் வெளிப்புறமாக இழுபடுவது மெய். அகலம் கூடக்கூட அவ்விழுப்பும் கூடும்.

அவன் 14 ஐ வாங்கினான். நிறை 55 கிராம் மட்டுமே. குறைந்த ஒளியை உணர்திறனை உயர்த்தியாவது ஈடுசெய்யலாம். சுவரைப் பின்னே தள்ள இயலாது என்பது அவன் நியாயம்.

அப்பாச்சி திருவலையில் அமர்ந்து தேங்காய் திருவினாள். இழுபடும் ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளியிருக்கும்படி அவன் கேட்டுக்கொண்டான். "என்னை ஏன் மோனை எடுக்கிறாய்?" என்றாளே தவிர, எழுந்து போகவில்லை. படத்தில் அவள் கைகள் அசைவில் கலங்கியிருந்தன. அதை அவன் பிழையாக எண்ணவில்லை.

கமராவின் திரையை நீட்டியபோது அவள் தன் முகத்தைப் பார்க்கவேயில்லை. கண்ணைச் சுருக்கி மறுமூலையைத் தேடினாள்.

"கொப்பப்பா இருந்த இடம் இருட்டாக் கிடக்கு."

மறுநாட் காலை அவள் தானாகவே எழுந்து சென்று, நெடுநாள் பூட்டிக்கிடந்த கோடிப்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். வெயில் குந்துவரை வந்தது. அவன் மீண்டும் சுவரில் முதுகை ஒட்டி நின்றான்.