கீச்சுச் சத்தம் சொன்ன பாடம்

(இறுதியாண்டு, ஆட்டோமொபைல் துறை)



குழந்தை அழுதால் எந்தத் தாயும் அதன் வாயைப் பொத்த மாட்டாள். பசியா, எறும்பு கடித்ததா என்று பார்ப்பாள். வண்டி அழுதால் மட்டும் நாம் "இந்தச் சத்தத்தை நிறுத்திக் குடுங்க" என்கிறோம். ஏன் என்று கேட்பதில்லை. அந்த 'ஏன்' எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதை இம்மலர் வாயிலாக உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அப்பாவுக்குக் கிடைக்கிற கூலி வேலை. என்னை டிப்ளமோவில் சேர்த்து ஃபீஸ் கட்டுவது டாக்ஸி ஓட்டும் தாய்மாமா. அவருடைய காருக்குப் போன வருஷம் ஒரு வியாதி வந்தது. பிரேக்கில் கால் வைத்தால் 'கீ...ச்' என்று தெருவே திரும்பிப் பார்க்கும். ஆறு மாதத்தில் இரண்டு தடவை முன் பிரேக் பேட் மாற்றினார். இரண்டு வாரம் அமைதி. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி! "பிரேக் பிடிக்குமா டிரைவர்?" என்று சவாரிக்கு வந்தவர்கள் பயந்தார்கள். வழக்கமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் ஒரு வீட்டார் வேறு வண்டி பார்த்துக் கொண்டார்கள்.

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றாமலே சொல்லி விட்டார்கள்: "ரெண்டு டிஸ்க், ரெண்டு காலிப்பர், பேட், எல்லாம் மாத்தணும். 14,000 ஆகும்." மாமாவிடம் அப்போது இருந்தது, என் கடைசி செமஸ்டருக்கும் ஹாஸ்டலுக்கும் என்று ஒதுக்கிய பணம் மட்டுமே.

"மருமகனே, நீ படிக்கிறது இதானே? நீ பாத்துச் சொல்லு. மாத்தணும்னா மாத்திருவோம்" என்றார். மூன்று வருஷமாக 'பய என்னத்தைப் படிக்கான்' என்று வியந்த வீடு மொத்தமும் என் முகத்தைப் பார்த்தது. என் படிப்புக்கான பணத்துக்கு என் படிப்பே பதில் சொல்ல வேண்டிய நேரம்!

வகுப்பில் எங்கள் விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார்: "ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி கேள்வியை எடு." எடுத்தேன்.

1. பிரேக் பிடிக்கும்போது சத்தமா, சும்மா ஓடும்போதுமா? பிடிக்கும்போது மட்டும். (சும்மா ஓடும்போதும் வந்தால் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகடு உரசலாம், சிறு கல் மாட்டியிருக்கலாம்.)

2. கீச்சா, கரகரவா? கீச். (கரகர என்றால் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது. அதற்குமேல் வண்டியை ஓட்டக் கூடாது.)

3. பெடல் காலில் துடிக்கிறதா? இல்லை. (துடித்தால் டிஸ்க் கோணலாக ஓடுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும்.)

4. எந்தப் பக்கம்? இடது முன் சக்கரம். ஓடி வந்து நின்றால் அந்தச் சக்கரம் மட்டும் அனலடிக்கிறது.

நான்காவது பதிலில்தான் எனக்குப் பொறி தட்டியது.

கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஒட்டுவதும் வழுக்குவதுமாக வேகமாக அதிர்வதால் வரும் சத்தம் அது. பிரேக் பேடும் அப்படித்தான். வினாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்ந்தால் காதுக்குக் கீச். இது புதுத் தொல்லையும் அல்ல. இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் 1902-ல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அதில் செம்பு உராய்ந்ததால் சத்தம் தாங்க முடியவில்லையாம்! அதிர்வை அடக்கத்தான் பேடின் முதுகில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைக்கிறார்கள்.

மறுநாள் எங்கள் ஊர் ஷெட் அண்ணாச்சியிடம் போனோம். நாற்பது வருஷ மெக்கானிக்; ஆறாம் வகுப்பு வரை படித்தவர். பின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்துக் கழற்றினோம். இடது பக்க உள் பேட் பாதி தேய்ந்திருந்தது. வெளிப் பேட் ஏறக்குறைய புதிது! ஒற்றை பிஸ்டன் காலிப்பர், ஸ்லைடு பின் மேல் நகர்ந்தால்தான் இரண்டு பேடும் சமமாக அழுத்தும். அண்ணாச்சி காலிப்பரைக் கையால் ஆட்டிப் பார்த்து, "தம்பி, இது நகரவே மாட்டேங்குது" என்றார். பின்னின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து துரு. பேட் உட்காரும் இடத்திலும் துரு. ஷிம் தகடுகளைக் காணவே இல்லை. இரண்டு தடவை பேட் மாற்றியவர்கள் பின்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்து லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வாங்கி டிஸ்க்கின் கனத்தை அளந்தேன். டிஸ்க்கிலேயே பொறித்திருந்த குறைந்தபட்ச அளவைவிடக் கூடுதலாக இருந்தது. பள்ளம், விரிசல் இல்லை. மாற்றத் தேவையில்லை.

துருவை வயர் பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். பிரேக் தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தோம். (பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு; நுரையீரலுக்கு எமன்.) புதுப் பின், ரப்பர் உறை, சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப்போய்ப் பின் மறுபடி இறுகும். ஷிம்மோடு கூடிய பேட் செட்டை இரண்டு பக்கமும் போட்டோம். வண்டியை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக வைத்தோம். பிறகு காலி ரோட்டில் மெதுவாகப் பலமுறை பிரேக் பிடித்துப் பேடைப் பழக்கினோம். மொத்தச் செலவு கூலியோடு 2,300 ரூபாய்.

எட்டு மாதமாகக் கீச் இல்லை. மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு பிரேக்கில் லேசாக உரசும். அது டிஸ்க்கின் மேல் படிந்த துரு, தானே போய்விடும். ஆஸ்பத்திரிக்கு வரும் வீட்டார் மறுபடி மாமாவைத்தான் கூப்பிடுகிறார்கள். ஃபீஸும் கட்டியாயிற்று.

நண்பர்களே, டிஸ்க் தேய்ந்திருந்தால் 14,000 ரூபாயும் செலவழிக்கத்தான் வேண்டும் என்று நானே சொல்லியிருப்பேன். பிரேக்கில் சிக்கனம் பார்ப்பது உயிரில் சிக்கனம் பார்ப்பது. ஆனால் அளக்காமல் மாற்றச் சொல்வது தொழில் அல்ல. அண்ணாச்சியின் கைக்குத் தெரிந்தது என் புத்தகத்தில் இல்லை. என் புத்தகத்தில் இருந்த வரிசை அவர் ஷெட்டில் இல்லை. இரண்டும் சேர்ந்தபோது சத்தம் நின்றது. நம் வீடுகளில் முதல் முதலாகப் படிக்க வந்திருக்கும் நாம், சான்றிதழோடு சேர்த்து இந்த 'ஏன்' என்ற கேள்வியையும் வீட்டுக்குக் கொண்டு போவோம்!