வெயில் படாமல் வளர்த்தேன்

என் மகளை நான் வெயில் படாமல் வளர்த்தேன். ஏன் பிள்ளையை வெளியே விடுவதில்லை என்று யாராவது கேட்டால் தெருவில் வண்டிகள் பறக்கின்றன, நாய்த் தொல்லை, கொசு, பெண் பிள்ளையைத் தனியாக விட முடியுமா என்பேன். எதுவும் பொய் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் முந்திய காரணத்தை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் கறுத்துவிடக் கூடாது என்று பயந்தேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என் நிறத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போன பேச்சு எனக்குள் ஆறவே இல்லை. மகள் பிறந்ததும், நல்லவேளை அப்பா நிறம் என்று உறவினர்கள் சொன்னபோது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைக் காப்பாற்றத்தான் அவளை வீட்டுக்குள் வைத்தேன். "வெயில்ல அலையாதே, கறுத்துப் போயிடுவே" என்று நான் அவளிடம் சொல்லாத நாள் இருந்திருக்காது. பள்ளி விட்டு வந்ததும் அபாகஸ், அது முடிந்தால் இந்தி வகுப்பு. அவள் கைக்கு நேரம் வரும்போது இருட்டியிருக்கும். இருட்டிய பிறகு கையில் போனைக் கொடுத்துவிட்டு நான் சமையலைப் பார்ப்பேன். அவள் சத்தம் போடாமல் இருந்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்தில்தான். 2022ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இடம். கூழைக்கடாக்களை அங்கே சாலையில் நின்றே பார்க்கலாம். குப்பைமேட்டு நாற்றத்துக்காகக் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எத்தனையோ முறை அந்த வழியே போயிருக்கிறோம். ஒரு முறையும் வண்டியை நிறுத்தி இறங்கியதில்லை. சதுப்பு நிலம் பற்றிய பாடத்தில் அவள் நல்ல மதிப்பெண் வாங்கினாள். ஐப்பசி மழையில் குளியலறைக்குள் ஒரு ரயில் பூச்சி வந்தபோது அலறிக்கொண்டு கட்டிலில் ஏறி நின்றாள். எங்கள் ஊரில் அதைத் தொட்டுச் சுருளவைத்து விளையாடிய நான், அவள் எதிரிலேயே பூச்சி மருந்து அடித்துக் கொன்றேன்.

மூன்றாம் வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்றாள். கண் மருத்துவர் பார்த்துவிட்டு மைனஸ் இரண்டு என்றார். பிறகு, "பாப்பா தினமும் வெளியில எவ்வளவு நேரம் விளையாடுது?" என்று கேட்டார். "ஒரு மணி நேரம் விளையாடுவா சார்" என்றேன். மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவரிடம் பொய் சொன்னது ஒரு குற்றம். பிள்ளையை அதற்குச் சாட்சியாக வைத்துக்கொண்டு சொன்னது அதைவிடப் பெரியது.

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் வெளியில் ஒரு வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருக்கிறது. வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம். 2015ல் வெளிவந்த ஆய்வு அது. தைவானில் 2010 முதலே தினமும் 120 நிமிடம் பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்லிப் பள்ளிகளை வலியுறுத்திவருகிறார்கள். நல்ல வெளிச்சம் படும்போது விழித்திரையில் டோபமைன் சுரக்கிறது, அது கண்விழி அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்பது இதற்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு செய்தி. அந்த வெளிச்சத்துக்கு உச்சி வெயில் தேவையில்லையாம். விளக்குப் போட்ட அறைக்குள் இருப்பது சில நூறு லக்ஸ். பகலில் திறந்த வெளியில், மர நிழலில்கூட, அதைப்போலப் பல மடங்கு. எங்கள் குடியிருப்பின் பின்புறம் ஒரு புங்க மரம் நிற்கிறது. அதன் அடியில் அவளை மாலை நான்கு மணிக்கு விட்டிருந்தாலே போதும். அவள் கறுத்திருக்கவும் மாட்டாள். கறுத்திருந்தால்தான் என்ன என்று கேட்கும் தைரியம் அன்று எனக்கு இல்லை.

ஒருமுறை நீண்ட கண்விழி திரும்பச் சுருங்குவதில்லை. வெளியே விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் தடுக்கத்தான் அதிகம் உதவும்; வந்த பிறகு அதே பலன் இருக்கும் என்று யாரும் எனக்கு உறுதி சொல்லவில்லை. இப்போது அவள் ஏழாம் வகுப்பு. கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே வருகிறது. இந்தி வகுப்பை நிறுத்திவிட்டேன். மாலையில் அவள் தம்பியை அழைத்துக்கொண்டு புங்க மரத்தடிக்கு இறங்குகிறேன். அவனுக்கு ஐந்து வயது, கண்ணில் இன்னும் குறை இல்லை. மண்ணைக் கிளறி மண்புழுவை எடுத்து என் உள்ளங்கையில் வைக்கிறான். மகளையும் தினமும் கூப்பிடுகிறேன்.

"நீங்க போங்கம்மா. எனக்கு டேன் ஆயிடும்" என்கிறாள்.

அது நான் கற்றுக்கொடுத்தது, நான் சொன்னது தப்பு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.