அட்டையில் மூன்று பேர்

எங்கள் குடும்ப அட்டையில் மூன்று பேர் இருந்தோம். வீட்டில் நான் ஒருவன்தான். 2019-ல் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு நாமகிரிப்பேட்டைப் பக்கம் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அட்டை மட்டும் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊரில், என் சட்டைப் பையில் கிடந்தது. 2025 வரை அதில் இருந்த பெயர்களை நான் விடவில்லை.

பிரிந்த கதையை விரித்து எழுதப் போவதில்லை. அவள் பக்கத்து நியாயத்தை அவள்தான் சொல்ல வேண்டும். என் பக்கத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அட்வான்ஸ். விசைத்தறியில் வேலைக்குச் சேர்கிறவனுக்கு முதலாளி முன்பணம் கொடுப்பார். அதைக் கட்டி முடிக்காமல் வேறு தறிக்கூடத்துக்குப் போக முடியாது. போனால், புது முதலாளி பழைய கடனை அடைத்து, மேலே கொஞ்சம் போட்டுக் கொடுப்பார். கடன் அடைவதில்லை, கூடம் மட்டும் மாறும். சனிக்கிழமைக் கூலியில் பிடித்தம் போக மீதி வரும். திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்தில் தறி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. 2025 ஜூலையில் பள்ளிபாளையத்தில் தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்ற செய்தி வந்தபோது எங்கள் பக்கம் எல்லோரும் பதறினார்கள். ஆனால் யாரும் ஆச்சரியப்படவில்லை. என் மனைவி அதே கூடத்தில் தார் சுற்றிக் கடனைக் குறைத்துக்கொண்டு வந்தாள். நான் அவளிடம் சொல்லாமல் மறுபடி வாங்கினேன். ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை.

பிரிந்தபோது நாங்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, மகளுக்காக மாதம் 2,500 ரூபாய் என்று முடிவு செய்தார்கள். தறி ஓடிய வரை கொடுத்தேன். 2022-ல் நூல் விலை எகிறியபோது கூடத்தில் ஷிப்ட் பாதியாகக் குறைந்தது, பிறகு நின்றே போனது. பஞ்சுத் தூசியில் வருடக்கணக்காக நின்ற நெஞ்சு வேறு கூடம் தேட விடவில்லை. நூறு நாள் வேலைக்குப் போனேன். வாய்க்கால் தூர்வாரும் இடத்தில் பெரும்பாலும் பெண்கள்தான் இருந்தார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு ஓரமாக நின்று மண் வெட்டினேன். 2024-25-ல் அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். அளவெடுத்து, கணக்கில் ஏறி வரும்போது அதைவிடக் குறையும். அந்த வருட நவம்பர் கடைசியிலிருந்து அதுவும் வரவில்லை. தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கோடிகளில் என்னுடைய சில ஆயிரங்களும் இருந்தன.

மகளுக்குக் கொடுக்க வேண்டிய 2,500 அப்படித்தான் ஆயிரமாகி, ஐநூறாகி, தீபாவளிக்கு ஒரு சுடிதாராகி நின்றது. கோர்ட்டுக்குப் போயிருந்தால் என் சாக்கு எதுவும் எடுபட்டிருக்காது. உடம்பில் வலுவுள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவியையும் பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டும் என்று 2022 செப்டம்பரில் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவள் போகவில்லை. பாவம் பார்த்தாளா, பஸ் செலவைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

பிரிந்து தனியாக வாழும் ஆணுக்கு என்று அரசிடம் தனித் திட்டம் எதுவும் இல்லை. கைவிடப்பட்ட பெண்ணுக்கு உதவித்தொகை உண்டு, இருக்கத்தான் வேண்டும். ஆணுக்கு அறுபது வயது ஆன பிறகுதான் முதியோர் தொகையைப் பற்றி யோசிக்கலாம். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு இருந்தது நூறு நாள் கூலி, அரசு ஆஸ்பத்திரி மாத்திரை, ரேஷன். விலையில்லா அரிசி, 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு, 25 ரூபாய்க்குப் பாமாயில். கூலி வராத மாதங்களில் அந்தக் கடைதான் எனக்குச் சோறு போட்டது. அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்த அரிசி மூன்று பேருக்கானது.

2021-ல் மச்சான் வந்தான். வாசலில் நின்றபடியே பேசினான். "மாமா, அக்கா பேரையும் பாப்பா பேரையும் உங்க கார்டுல இருந்து எடுத்துக் குடுத்துருங்க. அங்க புதுசா எழுதி வாங்கிக்கறோம்." ஒரு அட்டையில் பெயர் இருக்கும்வரை அவளுக்கு வேறு அட்டை கிடைக்காது. அட்டையில் குடும்பத் தலைவன் நான். ஒரு விண்ணப்பம் போட்டால் முடிகிற வேலைதான். நான் முடியாது என்று சொன்னேன். "பேரை எடுக்கறதுன்னா உறவை எடுக்கறதா? அவளை வந்து கேக்கச் சொல்லு" என்றேன். அவன் பதில் சொல்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

அன்றைக்கு நான் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ரேஷன் கடையில் ரேகை வைக்கும்போது திரையில் மூன்று பெயர்கள் வரும். முதலில் என் பெயர், கீழே அவள் பெயர், அதற்குக் கீழே மகள் பெயர். மாதம் ஒரு தடவை அதைப் பார்ப்பேன். என்றைக்காவது திரும்பி வந்தால் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு எண்ணம். அரிசிக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அதே நான், மூன்று பேர் அரிசியை ஒருவன் தின்ன முடியாமல், மீதியை இட்லி மாவு அரைத்து விற்கும் அக்காவுக்குக் கிலோ பத்து ரூபாய்க்குக் கொடுத்துவந்தேன். அந்தக் காசில் டீ குடித்தேன், பீடி வாங்கினேன்.

2023 ஜூலையில் கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்துக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். ரேஷன் கடை ஊழியர்கள் அட்டை வாரியாக வீட்டுக்கே வந்து படிவத்தையும் டோக்கனையும் கொடுத்தார்கள். ஒரு அட்டைக்கு ஒரு பெண். குடும்பத் தலைவன் ஆணாக இருந்தால் அவன் மனைவியைத்தான் தலைவியாக எடுத்துக்கொள்வார்கள். வருட வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள் எதுவும் எங்களைத் தடுக்காது. அவள் ஒருநாள் எங்கள் ஊர் முகாமுக்கு வந்து ரேகை வைத்திருந்தால் போதும்.

டோக்கன் என் கைக்கு வந்தது. அதில் தேதியும் நேரமும் போட்டிருந்தார்கள். நான் போன் செய்யவில்லை. அவளே கேட்கட்டும் என்று இருந்தேன். விஷயம் டிவியில், பேப்பரில் எல்லாம் வருகிறதே, தெரியாமலா இருக்கும்? கேட்டால் கொடுக்கலாம், அந்தச் சாக்கில் ஒரு வார்த்தை பேசலாம் என்று காத்திருந்தேன். அவள் அங்கே விசாரித்திருக்கிறாள். உங்கள் அட்டை இருக்கும் கடையில்தான் கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அட்டை யாரிடம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். கேட்கவில்லை. முகாம் தேதி போய்விட்டது. செப்டம்பர் 15 அன்று ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தொடங்கியது. எங்கள் தெருவில் பெண்கள் போனை நீட்டிக் குறுஞ்செய்தியைக் காட்டிக்கொண்டார்கள். நான் படிவத்தை நூறு நாள் அட்டையோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் வைத்துவிட்டேன். அந்தச் சமயத்திலிருந்து ஒரு வருடம் போலப் புது ரேஷன் அட்டை வழங்குவதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் மனம் மாறியிருந்தாலும் அவளுக்கு உடனே அட்டை கிடைத்திருக்காது. 2021-ல் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும்.

2025 மார்ச்சில் கடைக்காரத் தம்பி சொன்னார்: "அண்ணா, கார்டுல பேரு இருக்கறவங்க எல்லாரும் ரேகை வெக்கணுங்க. இந்த மாசம் 31 வரைக்குந்தான் டைம். எந்த ஊர்க் கடையில வேணும்னாலும் வெக்கலாம்."

நாமகிரிப்பேட்டையிலேயே வைக்கச் சொல்லியிருக்கலாம். மகளைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. இங்கே வந்துதான் வைக்க வேண்டும்போல என்று சொல்லி வரவழைத்தேன். ராசிபுரம் அரசு கலைக் கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்தாள்.

கடையில் கட்டை விரலை வைத்தாள். முதல் தடவை எடுக்கவில்லை. துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. தம்பி சந்தோஷமாகத்தான் கேட்டார்: "பாப்பா, அம்மா எப்ப வர்றாங்க? அவங்களுக்கு ஆயிரம் ரூவா இன்னும் ஏறலையா? டோக்கன் அப்பவே அண்ணங்கிட்டக் குடுத்தனே!"

மகள் ஒன்றும் சொல்லவில்லை. நான் "சரி தம்பி" என்று அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டேன். பாமாயில் பாக்கெட்டை அவள் வாங்கிக்கொண்டாள். வீடு வரும் வரை காலேஜைப் பற்றி நான் ஏதேதோ கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். வீட்டுக்குள் வந்து அரிசியைச் சாக்கில் கொட்டும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதுல எங்க அரிசியும் இருக்காப்பா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சத்தம் போட்டிருப்பேன். கணக்குப் புரியாத பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோலக் கேட்டாள். இருக்கிறது என்றேன்.

"அம்மா சிப்பம் கடனுக்குத்தான் வாங்கும். 25 கிலோ. ஆயிரத்து முன்னூறு, நானூறுன்னு ஆகுது. சேகோ ஆலையில குச்சிக்கிழங்கு தோல் உரிச்சு வர்ற கூலியில வாரவாரம் கட்டும். வேலை இல்லாத மாசம் பாட்டியோட பணத்துல இருந்து." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அந்த டோக்கன் எங்க இருக்குது?"

பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். படிவத்தில் எதுவும் எழுதவில்லை. குடும்பத் தலைவி பெயர் என்ற இடம் காலி. அவள் நின்றுகொண்டே இரண்டு பக்கத்தையும் முழுதாகப் படித்தாள். தேதி முடிந்து ஒன்றரை வருடம் ஆன காகிதம் அது. நான் என்னென்னவோ சொல்ல நினைத்தேன். உங்களை விட மனசில்லாமல்தான் பேரை எடுக்கவில்லை என்பது நாக்கு வரைக்கும் வந்தது. அந்தச் சாக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. என் பிள்ளையின் பெயரை என்னிடம் வைத்துக்கொண்டேன், பிள்ளை கடனுக்கு வாங்கிய அரிசி தின்று வளர்ந்தது. அவள் பங்கைத்தான் கிலோ பத்து ரூபாய்க்கு விற்றிருக்கிறேன்.

அவளுக்குப் பசித்தது. அந்த அரிசியில்தான் சோறு வடித்தேன். சாப்பிட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது படிவத்தை மடித்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அம்மாவிடம் காட்டினாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வெளிநாட்டில் இதெல்லாம் எப்படி என்று பிறகு தேடிப் படித்தேன். பிரிட்டனில் பிரிந்து வாழும் அப்பா அரசு உதவித்தொகையில் வாழ்ந்தாலும் பிள்ளைக்காக வாரம் 7 பவுண்டு கட்ட வேண்டுமாம். பிள்ளைகளுக்கான தொகையை அங்கே ஒரு பெற்றோருக்குத்தான் கொடுப்பார்கள். சனி, ஞாயிறு பிள்ளை அப்பாவிடம் வந்து தங்கினாலும் அந்தச் சாப்பாட்டுக்கு அவர் கணக்கில் எதுவும் சேராது. அந்த அப்பாக்களின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. அங்கேயும் இங்கேயும் பிள்ளையை ஒரு வீட்டில்தான் எழுதுகிறார்கள். அங்கே பிள்ளை இருக்கும் வீட்டில் எழுதியிருக்கிறார்கள். இங்கே பிள்ளை இல்லாத வீட்டில் எழுதியிருந்தது, அதை மாற்ற வேண்டியவன் நானாக இருந்தேன்.

அடுத்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய்ப் பெயர் நீக்க விண்ணப்பம் போட்டேன். திருச்செங்கோடு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கும் நேரில் போய்வந்தேன். எல்லாம் சேர்த்து ஒரு நாள் கூலிகூடச் செலவாகவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குத் தனி அட்டை வந்தது. 2025-ல் நடந்த 'உங்களுடன் ஸ்டாலின்' முகாமில் உரிமைத் தொகைக்கு எழுதிக் கொடுத்தாள். டிசம்பரில் புதிதாகச் சேர்த்தவர்களோடு அவளுக்கும் வந்துவிட்டதாக மகள் சொன்னாள். 2023 செப்டம்பரிலிருந்து அதுவரை வராமல் போன பணம் போனதுதான். எந்த முகாமிலும் அதை எழுதிக் கேட்க முடியாது.

இப்போது என் அட்டையில் ஒரு பெயர். அரிசி குறைந்துவிட்டது. மாவு அரைக்கும் அக்காவுக்குக் கொடுக்க மிச்சம் இல்லை. கூலி வந்த மாதம் மகள் கணக்கில் 2,500-க்கு மேல் ஆயிரம் சேர்த்துப் போடுகிறேன். வராத மாதம் போட முடிவதில்லை, போன் செய்து சொல்லிவிடுகிறேன். முன்பு அந்த மாதங்களில் போனையே எடுக்காமல் இருந்தேன்.

என்னோடு ஒரே கூடத்தில் தறி ஓட்டியவர் ஒருவர், இரண்டு பையன்களின் அப்பா, போன வருடம் மனைவியைப் பிரிந்தார். பெயர் நீக்க மாட்டேன் என்கிறார். நான் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் சொல்கிறார். புதன்கிழமை எனக்கு வேலை இல்லை. அவரைத் திருச்செங்கோட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேன், பஸ் செலவு என்னுடையது என்றும் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.