அச்சும் ஈயமும்

உருவம், உள்ளடக்கம் என்ற இரட்டைச் சொற்களை வைத்துக்கொண்டு தமிழில் வெகுகாலம் சண்டை நடந்திருக்கிறது. ‘எழுத்து’ 1959இல் ஆரம்பித்தபோது இருந்த சண்டை, 1970இல் அது நின்றபோதும் ஓயவில்லை. அதற்குப்பின் வந்த இருபது வருஷத்துச் சிறுபத்திரிகைகளைப் புரட்டினால், கட்சிகள் மாறியிருக்கின்றனவே தவிர உவமை மாறவில்லை என்பது தெரியும். உருவம் அச்சு, உள்ளடக்கம் அதில் ஊற்றப்படுவது. ஒரு சாரார் அச்சைத் தட்டிப் பார்த்தார்கள். மறு சாரார் ஊற்றியது எந்த வர்க்கத்துச் சரக்கு என்று முகர்ந்து பார்த்தார்கள். வார்ப்பு வேலை செய்கிற ஒருவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று இரு சாராருக்கும் தோன்றியதில்லை என்றே நினைக்கிறேன்.

நான் உட்கார்ந்ததும் இந்த விசாரத்துக்காக அல்ல. என்னிடம் நாலு கிலோ எழுத்து இருந்தது. எங்கள் பத்திரிகை அடிக்கப்பட்ட அச்சகம் ஆஃப்செட்டுக்கு மாறியபோது, கேஸ்களில் கிடந்ததையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். அதில் கொஞ்சத்தை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை வைத்த ‘லை’யும் ‘ளை’யும் அதில் கணிசமாக இருந்தன. அச்செழுத்து சுத்தக் காரீயமல்ல. காரீயத்தோடு ஆண்டிமனியும் கொஞ்சம் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. காரீயம் தனியாக இருந்தால் சீக்கிரமே முகம் மழுங்கிப்போகும். ஆண்டிமனி அதை இறுக்குகிறது. ஆறும்போது சுருங்குவதையும் குறைக்கிறது. வெள்ளீயம், உருகிய கலவையை மூலைமுடுக்குகளுக்கு ஓடவைக்கிறது. ஈயம் பூசுகிறோம், ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோம் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த வெள்ளீயத்தைத்தான். ஒரே பெயரில் ஒன்று சமையலறையிலும் மற்றொன்று துப்பாக்கியிலும் இருக்கிறது. காரீயத்தில் யாரும் ரசம் வைத்துவிடக்கூடாது.

தமிழ் அச்செழுத்துக்கும் உருக்கிய ஈயத்துக்கும் உள்ள சம்பந்தம் பழையது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த எழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. புதிய ஏற்பாட்டை அவற்றால் கோத்தால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆட்லர் என்பவர் பக்கத்துப் பொறையாற்றில் சின்ன எழுத்துகளை வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறைகளை உருக்கியே அதைச் செய்தார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக வந்தது. பாலாடைக்கட்டி சுற்றியிருந்த ஈயம் வேதவாக்கியம் ஆகுமென்றால், கவிதை அடித்த ஈயம் என்னவாகவும் ஆகலாம்.

ஆலத்தூர் நாட்டுக்கு நான் போனது வேறு காரியமாக. கொல்லிமலையில் நாடு என்பது ஊர்களின் தொகுதி. கீழே இருந்து போகிறவர்களுக்கு இது புரியச் சற்று நேரமாகும். ஜனங்கள் தங்களை மலையாளி என்று சொல்லிக்கொள்வார்கள். கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; மலையை ஆள்பவர் என்று பொருள் சொல்வார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கதை உண்டு. நான் தங்கிய வீட்டுப் பெரியவரிடம் பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. வாய்வழி மருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல். அப்போது தேர்தல் சமயம். லைசென்ஸ்காரர்கள் எல்லோரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்தார்கள். வீட்டில் மிஞ்சியிருந்தது குண்டு வார்க்கும் அச்சு மட்டும். குறடு போல இரண்டு கை, வாயில் இரண்டு அரைக்கோளக் குழி, மேலே ஊற்ற ஒரு சிறு புனல்வாய். அவருடைய அப்பா காலத்தது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1878இன் ஆயுதச் சட்டம் ஊரையே நிராயுதபாணியாக்கியது. சுதந்திரத்துக்குப்பின் வந்த 1959ஆம் வருஷத்துச் சட்டம் விவசாயிக்கு ஒரு சலுகை வைத்தது: உண்மையான பயிர்க்காவலுக்கு வாய்வழித் துப்பாக்கி லைசென்ஸ் பெறலாம். 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், அந்தப் பயிரைத் தின்ன வருகிற காட்டுப்பன்றியை அனுமதியில்லாமல் சுடக்கூடாது என்கிறது. ஒரு சட்டம் கையில் துப்பாக்கி கொடுக்கிறது, இன்னொன்று விரலைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. மரவள்ளிக் காட்டில் ராத்திரி காவல் இருப்பவர்தான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். குடகர்களுக்கு லைசென்ஸே வேண்டாம் என்ற விலக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து தொடர்கிறது. 2019இல் அதை 2029வரை நீட்டினார்கள். கொல்லிமலைக்காரர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. இத்தனைக்கும் இது வல்வில் ஓரியின் மலை. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாக வன்பரணர் புறநானூற்றில் பாடியது இவனைத்தான். நாலாவதாக வரும் பன்றிக்கு அவன் யாரிடமும் மனுப்போடவில்லை. வருஷாவருஷம் ஆடியில் அரசாங்கமே அவனுக்கு விழா எடுக்கிறது.

“சுடறது எங்க தம்பி, வெடிச் சத்தம் கேட்டாலே ஓடிப்போயிரும்” என்றார் பெரியவர். அப்படியானால் குண்டு எதற்கு என்று கேட்கவில்லை. டின்னைப் பார்த்ததும் அவரே அச்சை எடுத்துவந்துவிட்டார்.

திண்ணைக்கு வெளியே, காற்று போகிற திசையைப் பார்த்து மூன்று கல் கூட்டினார். பிள்ளைகளை விரட்டினார். சமையலுக்கு வராத ஒரு இரும்புச் சட்டி. எழுத்தை நான் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டேன். முதலில் பழைய மை கருகி, ட்ரெடில் மிஷின் இருந்த அந்த அறையின் வாடை வந்தது. பிறகு நெடுநேரம் எதுவும் நடக்கவில்லை. காரீயம் 327 டிகிரியில் உருகும். அச்சுக்கலவை அதற்கும் குறைவான சூட்டிலேயே இளகும். இளகுவதற்கு அறிகுறி ஏதும் கிடையாது. ‘ழ’வின் கால் தெரிகிறது, தெரிகிறது, பிறகு ஒரு பளபளப்பான தரைதான் இருக்கிறது. வல்லினம் மெல்லினம் பார்க்காமல் எல்லாம் ஒன்றாக இறங்கிப்போயின. நெஞ்சில் ஏதோ பாரமாக இருந்ததென்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எனக்கு அப்போது கை சுட்டுவிடுமோ என்ற பயம் ஒன்றுதான். ஒரு வேர்வைத் துளி உள்ளே விழுந்தால்கூட ஆவியாகி ஈயத்தை மேலே வாரி அடிக்கும் என்று சொல்லியிருந்தார். தலையில் துண்டு கட்டிக்கொண்டிருந்தோம்.

மேலே சாம்பல் நிறத்தில் ஒரு ஆடை படிந்தது. பெரியவர் தேன்மெழுகு ஒரு துண்டு போட்டார். குப்பென்று பற்றி எரிந்து அடங்கியது. கிளறியதும் கசடு தனியாக ஒதுங்கியது. அதை வழித்து ஒரு சிரட்டையில் போட்டு, பின்னால் புதைக்க வைத்தார். விஷம் அதில்தான் அதிகம் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

முதல் குண்டை நான் ஊற்றினேன். அச்சைத் திறந்தால் குண்டு என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. பாதி உருண்டை, மேலெல்லாம் கிழவியின் கன்னம் மாதிரிச் சுருக்கம். இரண்டாவதும் அப்படியே. அச்சு நல்ல அச்சு, ஈயம் நல்ல ஈயம், ஊற்றியதும் சரியாகத்தான் ஊற்றினேன். பெரியவர் இரண்டையும் எடுத்துச் சட்டிக்குள்ளேயே போட்டார்.

“அச்சு காயட்டும் தம்பி. மொதல்ல வர்றது குண்டு இல்ல, வெறகு.”

அதாவது முதலில் வார்க்கிற எட்டும் பத்தும் அச்சுக்குச் சூடேற்றத்தான். குளிர்ந்த இரும்பில் பட்டதுமே ஈயத்தின் மேல்தோல் இறுகிவிடுகிறது. குழியின் சுவரை அது முழுதாகத் தொடுவதே இல்லை. அச்சும் ஏறக்குறைய ஈயத்தின் சூட்டுக்கு வரவேண்டும். பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ சுருக்கமில்லாமல் வந்தது. விளக்குப் புகையில் அச்சைக் காட்டிக் கரி ஏற்றியபின் இன்னும் சுலபமாகக் கழன்று விழுந்தன. மேலே நீட்டிக்கொண்டிருந்த காம்பை நறுக்கி, அந்தத் துண்டுகளும் சட்டிக்கே போயின.

வெண்பாவை எடுத்துக்கொண்டு இறந்துபோன விஷயங்களைச் சொன்னவர்களை நாம் அச்சின் குற்றமென்று தள்ளினோம். புதுக்கவிதையில் அதே சுருக்கம் தெரிந்தபோது அனுபவம் போதவில்லை என்றோம். அச்சு சில்லிட்டிருந்தது என்ற சாத்தியத்தை யாரும் பரிசீலிக்கவில்லை. விறகையெல்லாம் குண்டென்று அச்சேற்றியதில் நம் பத்திரிகைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கம் நிரம்பவேண்டியிருந்தது.

அச்சே இல்லாமலும் உருண்டை வரும் என்பதையும் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் யாப்புக்காரர்கள் சந்தோஷப்பட்டுவிடுவார்கள். பிரிஸ்டலில் வாட்ஸ் என்ற ஈயக்குழாய் வேலைக்காரர் 1782இல் ஒரு உரிமம் வாங்கினார். தன் வீட்டின் தளங்களைத் துளைத்து, மேலே கோபுரம் எழுப்பி, கீழே குழி தோண்டி, உச்சியிலிருந்து உருகிய ஈயத்தைச் சல்லடை வழியாகக் கொட்டினார். விழுகிற ஒவ்வொரு துளியும் தன் பரப்பு இழுவிசையாலேயே உருண்டையாகி, தண்ணீரில் விழுந்து இறுகியது. அதற்கு அச்சு வேண்டாம். ஆனால் உயரம் வேண்டும். கொஞ்சம் ஆர்சனிக்கும் சேர்ப்பார்கள், துளி நன்றாகத் திரள்வதற்கு. அப்படி வருவது சின்ன ரவைதான். இந்தப் பெரிய குண்டுக்கு அச்சு இல்லாமல் முடியாது.

இருட்டுவதற்குள் நாற்பதுக்குமேல் தேறின. பெரியவர் ஒன்றை விரல்நகத்தால் கீறிப் பார்த்தார். கீறல் விழவில்லை. தனிக் காரீயத்தில் நகம் பதியும். “உங்க எழுத்து ரொம்பக் கெட்டி” என்றார். அவருக்கு அது பிடிக்கவில்லை. சுருக்கம் குறைந்த கலவை என்பதால் குண்டும் வழக்கத்தைவிட ஒரு மயிரிழை பெரிதாகவே வந்திருந்தது. குழலில் இறங்குமா என்று துப்பாக்கி வந்தபின் பார்க்கவேண்டும் என்றார்.

சீயக்காய் போட்டு இரண்டு முறை கைகழுவச் சொன்னார். ஈயக்குண்டு பட்ட கறியில் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் தங்கிவிடுகின்றன, அதைத் தின்ற பெருங்கழுகுகள் செத்ததால் கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக்குண்டே கூடாதென்று ஆக்கிவிட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். “அப்ப எதுல வார்ப்பாங்க?” என்று கேட்டார். செம்பில் என்றேன். செம்பு விலையை யோசித்தோ என்னவோ சிரித்தார்.

டின்னில் இன்னும் ஒரு கிலோ இருந்தது. உருக்க மனமில்லை என்றில்லை, விறகு தீர்ந்துவிட்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பரண்மேல் அச்சுக்குப் பக்கத்தில் வைத்தார்.